துருவேறிய நட்டு: எண்ணெயா, ஈசி அவுட்டா, வெல்டிங்கா?

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய மகிந்திரா ஜீப் என்னுடையது. மேலே மழையும் சேறும், கீழே வெயில். இரண்டிலும் மாறி மாறி ஓடிய வண்டியில் சேசிஸுக்கு அடியில் இருக்கும் நட்டு லேசில் கழலாது. இரும்பு துருவானால் முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரையின் இடுக்கில் அது ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

போன ஆடியில் சைலன்சர் பைப், இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்பு மானிபோல்டோடு சேருகிற இடத்தில் புகை கசிந்தது. அங்கே இருந்த மூன்று ஸ்டட்டில் (தலையில்லாமல், ஒரு முனை மானிபோல்டுக்குள் திருகி நிற்கும் போல்ட்டு) ஒன்று மட்டும் ஒழுங்காகக் கழன்றது. ஒன்றில் நட்டின் முனைகள் உருண்டுவிட்டன. இன்னொன்று மானிபோல்டின் முகத்தோடு ஒட்ட ஒடிந்தது. அதை எடுக்க எந்த வழி என்று யோசித்தபோது எடைபோட்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஸ்பேனர். உருண்ட நட்டில் பாதி, தப்பான அளவைப் போட்டதால் உருண்டதுதான். என் ஜீப்பில் சேசிஸ் பக்கம் இஞ்ச் அளவு, இன்ஜின் பக்கம் மில்லிமீட்டர். அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். அதற்கு 13 ஸ்பேனர் போட்டால் உட்காருகிற மாதிரிதான் தெரியும், பலம் கொடுத்தவுடன் வழுக்கும். முக்கால் இஞ்ச் 19.05 என்பதால் 19 சரியாக நிற்கும். இறுகிய நட்டுக்குப் பன்னிரண்டு முனை ரிங் வேண்டாம், ஆறு முனை பாக்ஸைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

எண்ணெய் எல்லோருக்கும் தெரிந்த வழி. டபிள்யூ டி 40 ஆனாலும் டீசல் ஆனாலும் நேரம் கொடுத்தால்தான் உள்ளே இறங்கும். பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுக்கு மூன்று ராத்திரி டீசல் விட்டு, காலையில் நட்டின் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கழற்றியிருக்கிறேன். சூட்டில் வெந்து கருகிய சைலன்சர் ஸ்டட்டுக்கு அது போதவில்லை.

ஒடிந்த ஸ்டட்டுக்குக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது ஈசி அவுட். நடுவில் துளை போட்டு, எதிர்ப்பக்கம் மரை வெட்டிய அந்த ஆணியை இறக்கித் திருக வேண்டும். சும்மா ஒடிந்த போல்ட்டு என்றால் வந்துவிடும். ஆனால் இறுகிப்போனதால் ஒடிந்த போல்ட்டை, அதைவிட மெல்லிய ஆணி எப்படித் திருப்பும்? என் மச்சான் வண்டியில் ஈசி அவுட்டே உள்ளே ஒடிந்தது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். பக்கவாட்டில் துளை ஓடி மரை முழுக்கப் போனது. கடைசியில் பழைய மானிபோல்டு தேடி அலைந்தார்.

நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: போல்ட்டு போனால் போகட்டும், ஓட்டையின் மரை மிஞ்ச வேண்டும். மரை போனால் பெரிய டேப் (மரை வெட்டும் கருவி) போட வேண்டும், இல்லை லேத்துக்குக் கொண்டுபோய்ப் புஷ் வைக்க வேண்டும். இந்த ஜீப்புக்கு வார்ப்பு சாமான் இப்போது நினைத்தவுடன் கிடைப்பதில்லை.

அதனால் கம்பம்மெட்டில் ஒரு மலையாளி ஆசானிடம் போய் வெல்டிங் வைத்தேன். பேட்டரி வயரைக் கழற்றினார். ஒடிந்த ஸ்டட்டின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அதன்மேல் புது நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் ராடை இறக்கி நிரப்பினார். ராடு எஃகு ஸ்டட்டோடு ஒட்டும். சுற்றியுள்ள வார்ப்பிரும்பில் அவ்வளவு எளிதில் பிடிக்காது. சூடு நேராக ஸ்டட்டுக்குள் இறங்கி, அது விரிந்து பிறகு சுருங்கும்போது துருவின் பிடி விடுகிறது. நான் உடனே ஸ்பேனரை எடுத்தேன்.

"அண்ணாச்சி, பொறுங்க. சிவப்பு போகட்டும்" என்றார்.

சிவப்பு போனதும் மெழுகுவர்த்தியை ஓரத்தில் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு போனது கண்ணுக்குத் தெரிந்தது. கால் சுற்று திறப்பு, கொஞ்சம் பின்னால், மறுபடி கால் சுற்று. முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாவது வைத்தார், ஸ்டட்டு கழன்று வந்தது. டேப்பை ஒருமுறை ஓட்டினோம், மரை பழையபடியே இருந்தது. உருண்ட நட்டுக்கும் இதே வைத்தியம்: மேலே ஒரு பெரிய நட்டை வைத்துப் பற்றவைத்தார்.

டீசல் லைன், ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் பக்கத்தில் இருந்தால் இதற்குப் போகாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது, சில கிளீனர்கள் சூட்டில் விஷவாயுவாகும். நான் இதைப் பார்த்தது வார்ப்பிரும்பில் மட்டும். அலுமினிய ஹெட் என்றால் அதில் பழகிய கை வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது ஆசான் பித்தளை நட்டு போடச் சொன்னார். எஃகு ஸ்டட்டோடு அது துருப்பிடித்து இறுகாது. மரையில் காப்பர் கிரீஸும் தடவினேன். இந்தத் தைக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தேன், சாதாரண ஸ்பேனருக்கே வந்தது.