பாத்தாம், ஜோகூர், கடலூர்: படகுப் பட்டறைக்கு எந்தக் கரை?

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் நில வாடகையும் வெளிநாட்டு ஊழியர் தீர்வையும் கட்டிக்கொண்டு, 12 மீட்டர் ஃபைபர் படகு கட்டி லாபம் பார்ப்பது இனி ஆகாது என்ற முடிவுக்கு வரும் சிறு பட்டறைக்காரர் கடல் தாண்டி இடம் பார்க்கத் தொடங்கும்போது, அவர் முதலில் விசாரிப்பது கூலியைத்தான். என் அனுபவத்தில் அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும். படகின் ஓடு, அதாவது அதன் வெளியுடல், வார்க்கப்படும் நாளில் முதலாளி அங்கே நிற்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

கூலிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2025இல் சிங்கப்பூருக்கு அருகிலுள்ள இந்தோனீசியத் தீவான பாத்தாமின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஏறக்குறைய 50 லட்சம் ரூப்பியா, அதாவது சுமார் 400 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). ஜோகூர் இருக்கும் மலேசியாவில் அதே ஆண்டு நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் 500 வெள்ளியை ஒட்டி நின்றது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் இரண்டாயிரம் வெள்ளிதான். ஒரே ஓர் ஓடு வீணானால் பல மாத மிச்சம் அதிலேயே கரைந்துவிடும்.

அப்படி வீணான ஓடு ஒன்றை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பாத்தாமில் ஒரு பட்டறை. கண்ணாடிபோல் மின்னிய படகு ஓடு முழுவதும் ஐம்பது காசு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்தேன். ‘டிங், டிங்’ என்று வந்துகொண்டிருந்த ஒலி முன்பக்க வளைவில் திடீரென்று ‘டொக்’ என்று அடங்கியது; உள்ளே அடுக்குகள் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். மழை வாரத்தில் அவசரமாக வார்த்த ஓடு அது. ஃபைபர் மேட்டில், அதாவது ரெசின் பூசி அடுக்கும் கண்ணாடி இழை விரிப்பில், ஈரம் ஏறியிருக்கிறது. ரோலர் ஓட்டிக் காற்றை வெளியேற்றாமலே அடுத்த அடுக்கைப் போட்டிருக்கிறார்கள். அன்று எங்கள் மேற்பார்வையாளர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கிருந்த ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை; பார்க்க ஆள் இல்லாவிட்டால் துவாஸிலும் அதே ‘டொக்’தான் கேட்கும்.

அப்படியிருந்தும் பாத்தாமைத் தள்ளிவிட முடியாது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், காலைப் படகைப் பிடிப்பவர் கிளம்பிய அதே நேரத்துக்கே போய் இறங்கலாம். 2009 முதல் தடையற்ற வணிக வட்டாரமாக இருப்பதால் ரெசின், அலுமினியத் தகடு, இயந்திரம் ஆகியவற்றைத் தீர்வையின்றி இறக்கலாம். இடிப்பது முதலீட்டு விதிதான். இந்தோனீசியாவில் வெளிநாட்டு நிறுவனம் பதிவு செய்ய நிலமும் கட்டடமும் போக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். நம் பணத்தில் அது சுமார் எட்டு லட்சம் வெள்ளி. சிறு முதலாளிக்கு இது கழுத்தை நெரிக்கும் தொகை. ஆகவே சொந்தப் பெயரில் நிறுவனம் தொடங்குவதைவிட, அங்கு ஏற்கெனவே இயங்கும் பட்டறையில் இடம் பேசி, படகின் வார்ப்பு அச்சையும் மேற்பார்வையாளரையும் நாமே அனுப்பி வைப்பது புத்திசாலித்தனம்.

ஜோகூருக்கு மொழி ஒரு பொருட்டல்ல; மலாய் போதும், தமிழிலேயே வேலை வாங்கும் இடங்களும் உண்டு. 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார ஒப்பந்தம் கையெழுத்தானது முதல் பலருடைய பார்வையும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனால் நாம் அங்கே தேடிப் போகும் நல்ல வெல்டர், விடியுமுன் பாலம் கடந்து இங்கே வேலைக்கு வந்துகொண்டிருப்பார்! சிங்கப்பூர் வெள்ளியோடு போட்டியிட்டு அவரை அங்கேயே நிறுத்தி வைக்கக் கொடுக்க வேண்டிய சம்பளம் 1,700 ரிங்கிட்டில் அடங்காது.

கடலூர் பக்கம் மனம் இழுப்பது இயல்பு. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின; கை பழகிய ஆட்கள் கிடைப்பார்கள். கப்பல் கட்டும் துறையில் வெளிநாட்டவர் நூறு விழுக்காடு முதலீடு செய்ய இந்தியா அனுமதிக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் காலமும் அதுதான் என்பதால் நல்ல ஆள் யாரும் நமக்காகக் காத்திருக்க மாட்டார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்பதை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாம் சரியாக முடிந்தாலும், கட்டிய படகைச் சென்னையில் கப்பல் தளத்தில் ஏற்றி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கொண்டுவர வேண்டும்.

இதற்கிடையில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் படகு கட்டுவோர் 2030ஐ மனத்தில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு முதல் இங்கே இயங்க வரும் புதிய துறைமுகப் படகுகள் முழு மின்சாரத்தில் ஓட வேண்டும், அல்லது கலப்பில்லாத உயிரி எரிபொருளிலோ நிகர சுழிய எரிபொருளிலோ ஓடும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்திருக்கிறது. மின்கலமும் மின்மோட்டாரும் ஏறும் படகில் மொத்தச் செலவில் ஓட்டின் பங்கு சுருங்கும். அவற்றைப் பொருத்திச் சோதிக்கும் பொறியாளர் அடிக்கடி வந்து போக வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு நான் பாத்தாமைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஓடு வார்க்கும் வாரத்தில் அங்கேயே தங்குவேன் என்ற நிபந்தனையோடு. கொள்கலனின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், அதற்குள் நுழையக்கூடிய சிறு படகுகள் மட்டும் என்றால் தூரம் அவ்வளவாக உறுத்தாது, கடலூருக்கே போகலாம்.