ஹாஸ்டலா, வெளியில் அறையா? மாத வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்

ஜூலை வந்தால் ஊரிலிருந்து யாராவது ஒரு சொந்தக்காரர் கூப்பிடுவார். "பையனுக்கு சிங்கப்பூர்ல சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல விடலாமா, வெளியில ரூம் பார்க்கலாமா?" முதல் வருஷம் ஹாஸ்டல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கப்புறம்தான் கணக்குப் போட வேண்டும்.

மாத வாடகையை மாத வாடகையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஹாஸ்டல் கட்டணம் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் மே வரைக்கும்தான். விடுமுறையில் தங்க வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளியறை ஒப்பந்தமோ வழக்கமாக 12 மாதம். அறை 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால், பிள்ளை ஊருக்குப் போன இரண்டு மாதத்துக்கும் பூட்டிய கதவுக்கு 2,000 வெள்ளி போகும். ஒரு மாத டெபாசிட், மின்சாரத்தில் பங்கு, முத்திரைத் தீர்வை எல்லாம் இதற்கு மேல். தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 12,000 வெள்ளிக்கு 48 வெள்ளி. அதைக் கட்டுவது வாடகைக்கு இருப்பவர்தான்.

ஹாஸ்டலிலும் வில்லங்கம் உண்டு. என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) ஹால்களிலும் உறைவிடக் கல்லூரிகளிலும் காலை, இரவு உணவுக்குச் சேர்த்தே பணம் கட்ட வேண்டும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அது வேண்டாம் என்றால் என்யுஎஸ்ஸின் இன்னொரு விடுதியான பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க் பக்கம் பார்க்கலாம். ஹாலில் அடுத்த வருஷமும் இடம் வேண்டுமா? விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கைகளில் புள்ளி சேர்க்க வேண்டும். படிப்பே தலைக்கு மேல் இருக்கும் பிள்ளைக்கு அது லேசான காரியமில்லை.

அப்போதுதான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளில் அறை தேடுவார்கள். என்யுஎஸ் என்றால் கிளமெண்டி, டோவர்; என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) என்றால் 179, 199 பேருந்து கிளம்பும் பூன் லே. 2022இல் மட்டும் தனியார் வீட்டு வாடகை கிட்டத்தட்ட 30 விழுக்காடு ஏறியது. 2024இல் கொஞ்சம் இறங்கியும் பழைய நிலைக்கு வரவில்லை. அந்த நெருக்கடியில்தான் 2024 ஜனவரியிலிருந்து நான்கறை வீட்டிலும் அதைவிடப் பெரிய வீட்டிலும் ஆறு பேருக்குப் பதில் எட்டுப் பேர் தங்கலாம் என்று தளர்த்தினார்கள். இடம் கூடியது நல்லதுதான். ஆனால் எட்டுப் பேருக்கும் அடுப்படி ஒன்றுதான்.

அடுப்படிதான் நம் பிள்ளைகளுக்கு நிஜமான செலவு. விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று இருக்கும். என் அக்கா மகள் கிளமெண்டியில் அப்படி ஓர் அறையில் இருந்தாள். எண்ணெய் சட்டி வைக்கக் கூடாது, வாசனை வரக் கூடாது. படிக்கும் மேசை ஓரத்தில் குட்டி ரைஸ் குக்கர், பக்கத்தில் அம்மா கொடுத்த பருப்புப் பொடி டப்பா. மூன்று மாதம் பொடி சாதம். அலுத்துப்போன நாளெல்லாம் வெளிச்சாப்பாடு. அப்புறம் பூன் லேயில் ஒரு தமிழ் அம்மா வீட்டுக்கு மாறினாள். ஃபிரிட்ஜில் ஒரு தட்டு, மாலை ஏழு முதல் எட்டு வரை ஓர் அடுப்பு அவளுக்கு. வாடகை 80 வெள்ளி கூட. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் காசு மிஞ்சியது. முகமும் தெளிந்தது.

கோ-லிவிங், அதாவது நிறுவனங்கள் நடத்தும் பகிர்வு வீடுகளின் அறைகளில் கட்டில், மின்சாரம், வைஃபை, சுத்தம் செய்வது எல்லாம் வாடகையிலேயே அடங்கிவிடும். விலையும் அதற்கேற்ப. மூன்று நான்கு வருஷப் படிப்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பருவத்துக்கு (செமஸ்டருக்கு) வருபவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்: வீவக அறைக்கு ஆறு மாதத்துக்குக் குறைந்து ஒப்பந்தம் போட முடியாது, கோ-லிவிங் அறைகள் பெரும்பாலும் இருக்கும் தனியார் வீட்டுக்கு மூன்று மாதம் போதும்.

வீவக அறை என்று முடிவெடுத்தால், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா, வாடகைக்கு விட வீவக அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். முகவர் பெயர், சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏவின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அறையைப் பார்க்காமல் டெபாசிட் அனுப்பவே அனுப்பாதீர்கள். போனில் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், தாளிக்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.