‘ஆர்கானிக்’ ஹைட்ரோபோனிக்ஸ் கரைசலா? காசு போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

மொட்டைமாடியில் பைப் வைத்து, மோட்டார் போட்டு, மண்ணில்லாமல் ஊட்டக் கரைசலிலேயே (ஹைட்ரோபோனிக்ஸ்) கீரை வளர்ப்பவர்களைக் குறிவைத்து ‘நூறு சதவீதம் ஆர்கானிக் ஊட்டக் கரைசல்’ என்று ஒரு சரக்கு லிட்டர் 900 ரூபாய்க்கு விற்கிறார்கள். நான் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு பெயரில் இதே சரக்கு உங்களிடமும் வரலாம் என்பதால் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வந்த பாட்டில் கரும்பழுப்பு நிறம். மூடியைத் திறந்தால் மீனும் வெல்லமும் சேர்ந்த வாடை. லேபிளில் கடற்பாசிச் சாறு, மீன் அமிலம், பஞ்சகவ்யம், மண்புழு உர வடிநீர் என்று போட்டிருந்தது. தழை, மணி, சாம்பல் சத்து எவ்வளவு என்ற எண் மட்டும் எங்கேயும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, “ஈ.சி. மீட்டர் 1.5 காட்டுற வரைக்கும் ஊத்துங்க மேடம்” என்றார்கள். ஊற்றினேன், மீட்டர் ஏறவே இல்லை. “இன்னும் ஊத்துங்க” என்றார்கள்.

ஈ.சி. மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து, அதில் கரைந்த உப்பு அயனிகளைத்தான் அளக்கும். மீன் அமிலத்தில் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி புரதத்திலும் அமினோ அமிலத்திலும் கட்டுண்டு கிடப்பது, அது மீட்டர் கண்ணில் சரியாகப் படாது. ஆக, அந்த எண்ணைப் பார்த்து ஊற்றச் சொன்னவர்களுக்குத் தாங்கள் விற்கும் பொருள் என்னவென்றே தெரியவில்லை, இல்லையென்றால் தெரிந்தே பாட்டில் சீக்கிரம் காலியாகட்டும் என்று விட்டார்கள். தொட்டியில் நுரை கட்டியது, பைப்பின் உள்ளே வழவழவென்று ஒரு படலம், மோட்டார் வலை அடைத்துக்கொண்டது. பாலக் வெளிறி மஞ்சளாகி, வேர் பழுப்பாகிக் கையோடு வந்தது. நாற்றம் தாங்காமல் கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, செப்டிக் டேங்க் எதுவும் உடைந்துவிட்டதா என்று கேட்டார். கடைக்காரர் சொன்னது: “ஆர்கானிக்னா வாசம் வரும் மேடம், அதெல்லாம் நல்ல பாக்டீரியா.”

செடி நைட்ரஜனைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவும் கொஞ்சம் அம்மோனியமாகவும்தான் எடுக்கும். மண்ணில் புண்ணாக்கையோ சாணத்தையோ போட்டால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் அம்மோனியமாக உடைத்து, அப்புறம் நைட்ரேட்டாக்கித் தரும். புத்தம்புது பிளாஸ்டிக் பைப்பில் அந்தக் கூட்டம் ஏது? சர்க்கரையையும் புரதத்தையும் தின்று பெருகும் வேறு பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், நம்ம ஊர் வெயிலில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, மூச்சுத் திணறிய வேரில் பூஞ்சை போன்ற பித்தியம் என்ற கிருமி சுலபமாகப் புகுந்து அழுகல் வந்துவிடும். இயற்கைக் கரைசலில் மண்ணில்லா விவசாயம் முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் கொஞ்சம் மண்ணையோ மட்கிய பட்டை உரத்தையோ நுண்ணுயிருக்காகத் தண்ணீரில் போட்டு, காற்று ஊதி, மீன் உரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நைட்ரேட் உருவான பிறகே பயிர் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். மீன் தொட்டியோடு செய்யும் அக்வாபோனிக்ஸிலும் நுண்ணுயிர் நிலைபெற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ‘பாட்டிலைத் திற, தொட்டியில் ஊற்று’ என்று விற்பவர் இதில் எதையும் சொல்வதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பணத்துக்குப் பதிலாக ‘ஹைட்ரோ ஸ்பெஷல்’ என்று A, B இரண்டு பாட்டில்கள் வந்தன, அதே ஆர்கானிக் முத்திரையோடு. தண்ணீர் போலத் தெளிவு, வாடையே இல்லை, ஊற்றியதும் மீட்டர் சரசரவென்று ஏறியது, மறுபடி விதைத்த கீரையும் நன்றாகவே வந்தது. இங்கேதான் எனக்குச் சந்தேகம். ஏன் இரண்டு பாட்டில்? அடர்கரைசலில் கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட், பாஸ்பேட் உப்புகளோடு சேர்த்தால் வெள்ளையாகப் படிந்துவிடும், அதனால் ரசாயனக் கரைசலை A, B என்று பிரித்து வைப்பது வழக்கம். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ‘இரும்பு – ஈ.டி.டி.ஏ.’ என்றும் இருந்தது. இரும்பு படியாமல் கரைந்தே இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. ஆலையில் தயாரிக்கும் ரசாயனம்.

எனக்கு உப்பு உரத்தின் மேல் பகை எதுவும் இல்லை. செடிக்கு நைட்ரேட் எங்கிருந்து வந்தாலும் நைட்ரேட்தான். ஆனால் சாதாரண ஹைட்ரோபோனிக்ஸ் உரப்பொடியைத் தண்ணீரில் கரைத்து ஆர்கானிக் விலை வாங்குவதற்குப் பெயர் வேறு.

“ஐரோப்பாவிலேயே ஆர்கானிக் சான்று கொடுக்கிற முறை மேடம்” என்றும் அளந்தார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் ஹைட்ரோபோனிக்ஸ் விளைச்சலுக்கு ஆர்கானிக் சான்றே கிடையாது, அங்கே மண்ணில் விளைய வேண்டும். அமெரிக்காவில் கொடுக்கிறார்கள், அங்கேயும் சண்டை ஓயவில்லை. தடை செய்யலாமா என்று 2017-இல் ஆலோசனைக் குழு வாக்கெடுத்தபோது 8–7 என்ற கணக்கில்தான் தடை தோற்றது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: இதிலிருக்கும் நைட்ரஜன் எந்த வடிவில் இருக்கிறது, நைட்ரேட் எவ்வளவு, அது எங்கே எப்படி உருவாகிறது? “எல்லாம் இயற்கை” என்று பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள். கரும்பழுப்புப் பாட்டிலை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் நன்றாக நீர்த்து மண் தொட்டிக்கு ஊற்றலாம், என் கத்தரிக்கு அப்படித்தான் போகிறது. பில், லேபிள் படம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ‘திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று என்னை பிளாக் செய்துவிட்டார்கள், அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்ய இவைதான் கையில் இருந்தன.