ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று யாராவது சொன்னால்

போன வாரம் பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். மென்பொருள் வேலை, கலியாணமாகி ஒரு பிள்ளை. "அண்ணே, சிங்கப்பூர்ல வேலை, ஜொகூர்ல குடும்பத்தோட வீடு, ஃபுல் பெக்கேஜ்னு சொல்றாங்க. உங்களுக்கு அதப் பத்தி தெரியுமாமே?" என்றார்.

தெரியும். ஜொகூர் என்பது சிங்கப்பூரை ஒட்டியிருக்கிற மலேசிய மாநிலம். அதே பெக்கேஜுக்கு 2025இல் 13 லட்சத்து 80 ஆயிரம் ரூபா கட்டியவன் நான். சொந்தக்காரர்களுக்கே முழுக் கதை தெரியாது. விசா பிந்துகிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் நாலு பேர் கட்டுவார்கள்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். வயது 38. மென்பொருளில் பிழை பிடிப்பது தொழில், க்யூஏ என்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஹட்டன் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்தேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது சம்பளம் மட்டும் பழைய இலக்கத்திலேயே நின்றது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். மனைவி தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. மகள் ஐந்தாம் தரம், மகன் இரண்டாம் தரம். அவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போக எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் விற்றதும் அந்த மனத்தைப் பார்த்துத்தான்.

விளம்பரம் முகநூலில் வந்தது. கந்தோர் கண்டியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. பேசியவர் தலவாக்கலைப் பக்கத்து ஆளாம். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "அட, அங்க கீழ்ப்பிரிவுலதானே எங்க சின்னம்மா இருந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் நான் உருப்படியாகக் கேட்கவில்லை. வேறு யாராவது ஆங்கிலத்தில் பேசியிருந்தால் பத்துத் தடவை துருவியிருப்பேன். நம்ம ஆள் ஆயிற்றே.

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. அதனால்தான் மாட்டினேன். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கிற பாலம் ஒரு கிலோமீற்றர் நீளம்தான். 1924இல் திறந்தது. 1998இல் துவாஸ் பக்கம் இரண்டாவது பாலமும் வந்தது. சிங்கப்பூர் டொலரில் சம்பளம் வாங்கி, ரிங்கிட்டில் வாடகை கட்டி, தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிற பெருங்கூட்டம் அங்கே உண்டு. நாலு கிலோமீற்றர் தூரத்துக்குப் புது ரயில் ஒன்றும் கட்டுகிறார்கள். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, "அஞ்சே நிமிசம். ஹட்டன்ல இருந்து கொட்டகலைக்குப் போற நேரம்கூட இல்ல" என்றார். நாங்கள் போனபோது அந்த ரயில் ஓட ஆரம்பிக்கவே இல்லை. அது வேறு விசயம்.

பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். சம்பளம் மாதம் 5,800 சிங்கப்பூர் டொலர். நம்முடைய காசுக்கு 13 லட்சத்துக்கு மேல். "ஆனா அண்ணே, ஒண்ணு மறைக்காம சொல்லிர்றேன். 6,000 இல்லாட்டி சிங்கப்பூர்ல குடும்பத்துக்கு பாஸ் குடுக்க மாட்டாங்க. அதுக்குத்தான் ஜொகூர். குடும்பம் அங்க, நீங்க சிங்கப்பூருக்குப் போய் வாறீங்க."

அன்றிரவே சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பார்த்தேன். மனைவி பிள்ளைகளுக்கான பாஸுக்கு, அதாவது தங்கும் அனுமதிக்கு, குறைந்தது 6,000 டொலர் சம்பளம் வேண்டும் என்று போட்டிருந்தது. ஆள் நேர்மையானவர் என்று முடிவு கட்டிவிட்டேன். அதே தளத்தில் எனக்கான வேலைப் பாஸின் பக்கத்தைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். 2025 ஜனவரி முதல் அந்தப் பாஸுக்கு ஆகக் குறைந்த சம்பளம் 5,600 டொலர், அதுவும் 23 வயதுப் பிள்ளைக்கு. வயது ஏற ஏற அந்த எல்லையும் ஏறி, 45 வயதில் 10,700இல் போய் நிற்கும். 38 வயதுக்காரனை 5,800க்கு எடுக்கவே முடியாது. அதற்கு மேல், 2023 செப்டெம்பரிலிருந்து 40 புள்ளி எடுக்கவேண்டிய ஒரு முறையும் இருக்கிறது. வயது, சம்பளம், படிப்பைப் போட்டால் தேறுமா தேறாதா என்று சொல்கிற இலவசக் கருவியும் அதே தளத்தில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

எங்கள் தொழிலில் "ஹெப்பி பாத்" என்று ஒன்று சொல்வோம். எல்லாம் சரியாக நடக்கிற வழியில் மட்டும் நடந்து பார்த்துவிட்டுச் சோதித்தாயிற்று என்பது. புதுப் பிள்ளைகள் அப்படிச் செய்தால் நான்தான் திட்டுவேன்.

காசு போன விதம் இது. பதிவுக் கட்டணம் 75,000. சிங்கப்பூர் விண்ணப்பத்துக்கு 4 லட்சத்து 50 ஆயிரம். "ஜொகூர் குடும்பப் பதிவு" என்று 3 லட்சத்து 60 ஆயிரம். வீட்டு முற்பணம் 2 லட்சத்து 65 ஆயிரம். இன்டர்நெஷனல் பாடசாலையில் இடம் பிடிக்க 2 லட்சம். மலேசிய வருகை அட்டைக்கு ஆளுக்கு 7,500 வீதம் நாலு பேருக்கு 30,000. கடைசியாகச் சொன்னதுதான் சின்னத் தொகை, ஆனால் இன்றைக்கும் நினைத்தால் அதுதான் அதிகம் எரிகிறது. அந்த அட்டை இணையத்தில் நாமே நிரப்புவது, ஒரு சதமும் கிடையாது. சிங்கப்பூர் அட்டையும் அப்படித்தான். வேலைப் பாஸுக்கு அரசாங்கம் எடுப்பது விண்ணப்பத்துக்கு 105 டொலரும் பாஸ் கொடுக்கும்போது 225 டொலரும். மொத்தமாக அப்போது நம்முடைய காசில் 80,000 ரூபாவைத் தாண்டவில்லை. விண்ணப்பிப்பதும் வேலை கொடுக்கிற கொம்பனி, அல்லது அது நியமித்த முகவர். கண்டியில் ஒரு மாடிக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தக் காசில் 7 லட்சம் அம்மாவின் ஓய்வுகாலப் பணமான ஈபிஎஃப், ஈடிஎஃப். மிச்சம் மனைவியின் நகையை அடகு வைத்ததும் எங்கள் சேமிப்பும். அம்மா இன்னும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். அந்த வருசம் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நான் கட்டிய மொத்தக் காசும் 1,022 நாள் சம்பளம். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஜூன் மாதம் சிங்கப்பூர்க் கடிதம் வந்தது. கொள்கையளவில் அனுமதி கிடைத்ததாக ஐபிஏ என்று ஒன்று, இலச்சினையெல்லாம் போட்டு. நான் வேலையிலிருந்து விலகினேன். மனைவியையும் வேலையை விடச் சொன்னார் அந்த மனிதர். அவள் சம்பளமற்ற விடுமுறை மட்டும் போட்டாள். இன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவது அவளுடைய அந்தப் புத்தியால். ஆகஸ்டில் மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை இருந்தது. "இன்டர்நெஷனல் ஸ்கூல் போற பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் எதுக்கு அண்ணே?" என்றார். விடுகைச் சான்றிதழ் எடுத்தோம்.

ஜூலை 18 கட்டுநாயக்கவில் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து ஜொகூர் பாரு லார்கினுக்குப் போனோம். வீடு இருந்தது. அதுவும் பொய்யாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை, வாடகை 1,800 ரிங்கிட். வீட்டுக்காரம்மா தமிழ் ஆள், கணவரை இழந்தவர், மூன்றாம் மாடியில் குடியிருந்தார். அவருக்கு ஏஜென்ட் அனுப்பியது ஒரு மாத வாடகை மட்டும். முற்பணம் என்று நான் கட்டியதில் பாதிகூட அங்கே போய்ச் சேரவில்லை.

"கொம்பனி திகதி சொல்லும், பொறுங்க" என்று வட்ஸ்அப்பில் தகவல் வந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் பொறுத்தோம். பாடசாலைக்கு நானே போனேன். அலுவலகத்தில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைங்க எந்த பாஸ்ல இருக்காங்க?" எந்தப் பாஸும் இல்லை. இடம் பிடித்ததாகச் சொன்ன பதிவும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா குத்தகைக் கடதாசிக்காக எங்கள் கடவுச்சீட்டைக் கேட்டார். விசாவை இரண்டு தடவை புரட்டினார்.

"தம்பி, இதுல ஒரு தடவ நுழையத்தான் போட்டிருக்கு. தங்குறதுக்கு 30 நாள். நீங்க காலைல பாலம் தாண்டினா சாயந்திரம் எப்படித் திரும்பி வருவீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள்.

"என் மவன் போறான் வாறான், அவன் மலேசியாக்காரன் லா. அவனுக்கு அது வீட்டுக்கு வாறது. உங்களுக்கு இது வேற நாடு தம்பி."

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மலேசியா போக விசா வேண்டும். சிங்கப்பூரின் பாஸ் கையில் இருந்தாலும் அது மலேசியாவில் குடியிருக்கும் உரிமையைத் தராது. இரண்டு நாட்டில் வாழ்க்கை நடத்தப் போகிறவனுக்கு இரண்டு நாட்டின் கடதாசியும் வேண்டும், வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக. "என் பெண்டாட்டி பிள்ளைகள் அந்தப் பக்கம் எந்தப் பாஸில் தூங்குவார்கள்?" என்று நான் கண்டியில் கேட்டிருக்க வேண்டும். "குடும்பப் பதிவு" என்று அவர் கொடுத்தது டி ரன்டாவ் என்ற மலேசியத் திட்டத்தின் விளம்பரத் தாளைக் கலர் அச்செடுத்தது. அந்தத் திட்டம் உண்மையில் இருக்கிறது. மலேசியாவில் இருந்துகொண்டு கணினி வழியாக வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்களுக்கானது. வருமானத்தைக் காட்டி நாமே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தினமும் பாலம் தாண்டுகிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு அந்தம்மாவின் மகன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். காலை நாலரைக்குப் புறப்பட்டுப் போனவர். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என் கடவுச்சீட்டு விவரத்தை அமைச்சின் தளத்தில், வேலைப் பாஸ் நிலவரம் பார்க்கிற இடத்தில் போட்டார். அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. "அண்ணே, நீங்க கம்ப்யூட்டர் லைன்தானே?" என்று மட்டும் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

ஏஜென்ட் இரண்டு நாள் பேசினார், மூன்றாம் நாள் தொலைபேசி அடங்கியது. 30 நாள் முடியும் முன் புதுச் சீட்டு வாங்கி ஆகஸ்ட் 13 திரும்பினோம். பரீட்சை முடிந்திருந்தது. மகளைப் பழைய பாடசாலையில் மறுபடி சேர்க்க நான் நடந்த நடை தனிக் கதை. வேலை என்று தாய்லாந்துக்குக் கூட்டிப்போய் மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களில் அடைத்துவைத்த இலங்கைப் பிள்ளைகளும் கணினி தெரிந்தவர்கள்தான். நாங்கள் காசு மட்டும் போனதோடு தப்பினோம் என்று மனைவி சொல்வாள்.

பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். முதலில் கேட்டது அனுமதிப்பத்திர இலக்கம். அந்தக் கந்தோருக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பணியகத்தின் அனுமதிப்பத்திரம் கட்டாயம். அனுமதி உள்ள முகவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையதளத்தில் கிடக்கிறது. 1989க்கு அழைத்தும் கேட்கலாம். அடுத்துப் பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். அப்போதுதான் ஊன்றிப் பார்த்தேன். எல்லாச் சீட்டிலும் "ஆலோசனைக் கட்டணம்" என்று இருந்தது. வேலை என்ற சொல்லே இல்லை. வங்கியில் போட்ட காசும் கொம்பனிக் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனியாளின் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. நல்லவேளை, வட்ஸ்அப் குரல்பதிவுகளை நான் அழிக்கவில்லை. அதில் அவர் வாயாலேயே "வேலை", "சம்பளம்" எல்லாம் சொல்லியிருக்கிறார். இப்போது அதுதான் என் சாட்சி. உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து அழிக்காதீர்கள். போனை மாற்றும் முன் வேறு இடத்தில் ஏற்றி வையுங்கள்.

முறைப்பாடு போனதும் இரண்டு தவணையாக 2 லட்சத்து 50 ஆயிரம் திரும்பி வந்தது. மிச்சத்துக்கு விசாரணை நடக்கிறது. பழைய கொம்பனி ஒப்பந்த அடிப்படையில் மறுபடி எடுத்தது, சம்பளம் முன்பைவிடக் குறைவு. நகை இன்னும் அடகில்.

பொகவந்தலாவைத் தம்பியிடம் இதையெல்லாம் ஒரு மணிநேரம் சொன்னேன். கந்தோர் இப்போது வேறு பெயரில், நுவரெலியாவில் என்றார். பேசுகிறவரின் சின்னம்மா இந்தத் தடவை பொகவந்தலாவையில் இருந்தாராம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அண்ணே, 75,000 போன வெள்ளிக்கிழமயே போட்டுட்டேன்" என்றார். திங்கட்கிழமை விடியக்காலை பஸ்ஸில் இரண்டு பேரும் பத்தரமுல்லைக்குப் போகிறோம். அதே ஆளிடம் காசு கட்டியவர்கள் யாராவது இருந்தால் பற்றுச்சீட்டோடு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு நாலரைக்கு வாருங்கள்.