கொஞ்சமா, கொஞ்சூண்டா?

கொடைக்கானலில் சாப்பாட்டுக் கடையில் "கொஞ்சம் சோறு போடுங்கண்ணே" என்றால் ஒரு கரண்டி நிறைய வந்து விழும். அந்தக் 'கொஞ்சம்' அளவே இல்லை, வெறும் மரியாதை. "கொஞ்சம் நகருங்க" என்கிறோமே, அதே கொஞ்சம்தான்.

உண்மையிலேயே குறைவாக வேண்டுமென்றால் 'கொஞ்சூண்டு'தான் சரி. துளியூண்டு, இத்தனூண்டு எல்லாவற்றுக்கும் இதே 'ஊண்டு' வால்தான். சொல்லும்போதே கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்டுவிடும். பரிமாறுகிறவரும் கரண்டியைச் சாய்த்துப் பாதியைத் திரும்பத் தள்ளிவிடுவார். வீட்டில் அத்தையிடம் மட்டும் இரண்டுமே பலிக்காது.

ரசத்துக்கு நான் 'கொஞ்சம்' என்றே கேட்பேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அதில் மிதக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் அதைப் போய்க் கொஞ்சூண்டு கேட்க மனசு வராது.