கல்மண்டபம் மாடியில் கிரேக்க வகுப்பு: ஆறாவது வாரத்துக்காகவே போகலாம்

காசிமேட்டில் மீன்பிடி போட்டு (படகு) ஓட்டுகிறவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது. இந்த வருஷம் அந்த நாட்களில், ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க வகுப்பில், அதாவது பைபிளின் புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்ட மொழியைப் படிக்கும் வகுப்பில், சேர்ந்தேன். வாரம் மூன்று மாலை, மாதம் 600 ரூபாய். எழுத்து பழகவே இரண்டு வாரம் போனது. யாரிடம் படித்தாலும் அது அப்படித்தான்.

ஆறாவது வாரம் பெர்ஃபெக்ட் டென்ஸ். ஐயா பலகைப் பக்கமே போகவில்லை. என்னைப் பார்த்து, "போட்டு வந்துச்சுன்னா என்னா, போட்டு வந்திருக்குன்னா என்னா?" என்று கேட்டார். வந்துச்சு என்றால் மீனை இறக்கிவிட்டு மறுபடி போயும் இருக்கலாம். வந்திருக்கு என்றால் இப்போது கரையில் நிற்கிறது, ஏலத்துக்கு ஓடலாம். "கிரேக்கனும் இதைத்தாம்பா சொல்றான்" என்றார். வேலை முடிந்துவிட்டது, அதனால் வந்த நிலை இன்னும் இருக்கிறது. நாம் 'இரு' சேர்க்கிறோம். அவர்கள் வினையின் முதல் மெய்யை எகரத்தோடு முன்னால் இன்னொரு தரம் சொல்கிறார்கள்: கிராஃபோ, எழுதுகிறேன், கெக்ரஃபா, எழுதியிருக்கிறேன். மத்தேயு 4-இல் இயேசு சோதனைக்காரனுக்கு மூன்று தரமும் சொல்வது கெக்ரப்தாய். நம் வேதாகமத்தில் 'எழுதியிருக்கிறதே'. சின்ன வயசிலிருந்து கேட்ட சொல், அந்த 'இருக்கிறதே' எவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு 1 கொரிந்தியர் 15. கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், இரண்டும் ஆயோரிஸ்ட் என்ற சாதாரண இறந்தகாலம், நடந்தது, முடிந்தது. அடுத்த வினை மட்டும் பெர்ஃபெக்ட், எகேகெர்தாய்: எழுப்பப்பட்டு, இன்றும் உயிரோடிருக்கிறார். தமிழில் 'உயிர்த்தெழுந்து' என்று மற்றவற்றோடு சேர்ந்தே ஓடிவிடுகிறது. அப்பாவை அடக்கம் பண்ணின அன்று இந்த அதிகாரத்தைத்தான் வாசித்தார்கள். அன்றைக்கே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன்.

குறையும் உண்டு. எல்லா பெர்ஃபெக்ட்டும் இப்படித்தான் என்பதுபோல் பாடம் முடிந்துவிட்டது. வெளிப்படுத்தின விசேஷம் 5:7-இல் ஆட்டுக்குட்டியானவர் புத்தகத்தை வாங்கும் இடத்தில் எய்லேஃபென் என்று பெர்ஃபெக்ட்தான் இருக்கிறது. கதை ஓட்டத்தில் அது வெறும் 'வாங்கினார்'தான். நான் கேட்ட பிறகுதான், அந்தக் காலத்திலேயே சில இடங்களில் ஆயோரிஸ்ட்டும் பெர்ஃபெக்ட்டும் கலக்க ஆரம்பித்துவிட்டன என்றார். அதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கியிருக்க வேண்டும். ஜெராக்ஸ் தாள்களும் மங்கல், கிரேக்க எழுத்துகளுக்கு மேலே உள்ள குறிகள் தெரிவதில்லை.

சேருகிறவர்கள் தமிழ் வேதாகமத்தையும் கையோடு கொண்டுபோங்கள். தடைக்காலம் முடிந்ததிலிருந்து கரையில் இருக்கும் மாலைகளில் மட்டும்தான் போகிறேன். அதற்கு ஐயா காசு வாங்குவதில்லை.