பிடரியில் கை வைக்கத் தெரிகிறதா?

"தலைவலிக்கு ஸ்பெஷல் மசாஜ்" என்ற பலகை சலூனிலும் தொங்குகிறது, ஆயுர்வேத நிலையத்திலும் தொங்குகிறது, பிசியோதெரபி கிளினிக்கிலும் தொங்குகிறது. பெயர் ஒன்றுதான், கிடைப்பது வேறு வேறு. மைக்ரேனுக்கும் இறுக்கத் தலைவலிக்கும் மென்மசாஜ் தேடிப் போகிறவர்கள் இந்த மூன்றில் எதற்குக் காசு கொடுக்கலாம்? பிசியோதெரபிஸ்ட் கைக்குத்தான் எங்கள் ஓட்டு. அதிலும் எல்லாக் கைக்கும் இல்லை.

நல்ல இடம், படுக்கச் சொல்வதற்கு முன் பத்து நிமிடமாவது கேள்வி கேட்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டி, வெளிச்சம் பிடிக்காமல், மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நிற்பது மைக்ரேன். தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல் இரண்டு பக்கமும் அழுத்துவது இறுக்கத் தலைவலி. அது அரை மணியிலும் போகும், ஏழு நாளும் இழுக்கும். இதைப் பிரித்துக் கேட்காத இடம் இரண்டுக்கும் ஒரே மசாஜைத்தான் தரப்போகிறது. மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் வகை மாதம் 15 நாள், மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகை அல்லது பல மருந்து கலந்த கூட்டு மாத்திரை மாதம் 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கிளப்பும். அதற்கு மசாஜ் மருந்தில்லை. மருத்துவரிடம் போய் மாத்திரையைக் குறைக்க வழி கேட்க வேண்டும்.

இனி கை. பிசியோதெரபிஸ்ட் உங்களை மல்லாந்து படுக்க வைத்து, தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முன்கைகளைக் கட்டிலில் ஊன்றிக்கொள்கிறார். மண்டை ஓட்டின் பின்விளிம்பு முடிந்து சதை தொடங்கும் பள்ளத்தில், இரண்டு கைகளிலும் நடு மூன்று விரல்களின் நுனி மேல்நோக்கி நிற்கிறது. தேய்ப்பதில்லை, அமுக்குவதில்லை. நாலரை, ஐந்து கிலோ தலை தானே அந்த விரல்கள்மேல் இறங்குகிறது. முதல் நிமிடம் விரல்நுனி கட்டையில் முட்டுவதுபோல் இருக்கும். இரண்டு, மூன்று நிமிடத்தில் சதை இளகித் தலை உள்ளங்கைக்குள் சரியும், முகவாய் லேசாக நெஞ்சுப் பக்கம் தாழும். அதுவரை காத்திருக்கிறாரா என்று பாருங்கள். பத்து வினாடியில் விரலை உருவிக்கொண்டு நெற்றிக்கு ஓடுகிறவருக்கு வேலை தெரியவில்லை.

வலி நெற்றியில் இருக்க, பிடரிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் போகும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டின் கீழ்ப்பக்கம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் பின்மண்டைக்குக் கீழே இருக்கும் நான்கு ஜோடிச் சிறு தசைகள் இறுகினால் வலி கண்ணுக்குப் பின்னால் தெரியும். அதற்காகப் புருவத்தையே அரை மணி நேரம் நீவுவது, குழாய் ஒழுக வாளியைத் துடைக்கிற கதை. ஆனாலும் மைக்ரேன் பிறப்பது கழுத்தில் இல்லை, மூளையில். கழுத்து இறுக்கம் அதைக் கூட்டலாம், சிலருக்கு அந்த இறுக்கமே மைக்ரேனின் அறிகுறியாகவும் வரும். "வேரோடு எடுத்துவிடுவோம்" என்கிற இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

பிடரிக்கு அடுத்தது தோள்மேடு. சதையைக் கிள்ளாமல் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே தூக்கிப் பிடித்து 30 முதல் 60 வினாடி வைத்திருக்க வேண்டும். இங்கே பிடித்தால் சிலருக்குக் கன்னப்பொட்டில் வலி தெறிக்கும், அதுதான் சரியான இடம். காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் கயிறு போன்ற தசையையும் இப்படியே தூக்கிப் பிடிக்கலாம், உள்நோக்கி மட்டும் அமுக்கக் கூடாது. அதையொட்டித்தான் கழுத்து நாடி துடிக்கிறது. அதை அழுத்தினால் நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குத் தாடைத் தசையிலும் கன்னப்பொட்டிலும் இரண்டு விரலால் மெதுவாக வட்டமிட்டால் போதும்.

தாங்க முடியாத அழுத்தம் பத்து என்றால், இங்கே மூன்று போதும். நான்கைத் தாண்டினால் சதை எதிர்த்து இறுகும், மறுநாள் பிடரி கன்றிப்போய்ப் புதிதாக ஒரு தலைவலி வரும். வலிக்க வலிக்க அமுக்கினால்தான் காசுக்குத் தகும் என்கிற நம் ஊர் நம்பிக்கைதான் இந்த மசாஜுக்கு முதல் எதிரி. எண்ணெயும் அப்படித்தான். பிடரியில் எண்ணெய் பட்டால் விரல் வழுக்கும், தோளுக்குச் சில சொட்டுகளே தாராளம். லாவெண்டர், கற்பூரம், மென்தால் தைலம், ஊதுபத்தி எதுவும் மைக்ரேன்காரர் மூக்குக்கு ஆகாமல் போகலாம். மறக்கப்படுவது டியூப்லைட். மல்லாந்து படுத்தவரின் கண்ணுக்கு நேர் மேலே அது எரிந்துகொண்டிருக்க, கீழே கழுத்தை இளக்கிப் பயனில்லை. குப்புறப் படுக்க வைத்து முகத்தைக் கட்டில் ஓட்டையில் புதைக்கும் முறையும் வேண்டாம், மூக்கடைத்து முகம் கனக்கும். மொத்தமே 30 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்றால் மீதியில் முதுகுதான் தேய்ப்பார்கள்.

மைக்ரேன் உச்சத்தில் இருக்கும்போது போகாதீர்கள். பலருக்கு அப்போது சீப்பு பட்டாலே, கண்ணாடிக் காம்பு உரசினாலே தலைத்தோல் எரியும். அந்த நேரத்தில் இருட்டறையும், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையும், துணியில் சுற்றிய ஐஸைப் பிடரியில் 10, 15 நிமிடம் வைப்பதும் போதும். காலையில் வலி வந்தால் முன்பதிவைக் கட்டணமில்லாமல் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுர்வேத நிலையத்தில் தரும் சிரோதாரை வேறு சமாச்சாரம். நெற்றிக்கு நான்கு விரற்கடை மேலிருந்து இளஞ்சூட்டு எண்ணெய் 30, 40 நிமிடம் ஒழுகும். மனசு அடங்கும், தூக்கம் சொக்கும், கழுத்து இறுக்கம் அப்படியே இருக்கும். ஓய்வுக்கு என்றால் போகலாம். இன்னொருவருக்கு ஊற்றிய எண்ணெய் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலன் எவ்வளவு? 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் மைக்ரேன் உள்ள 47 பேரில் மசாஜ் பெற்றவர்களுக்கு வலி வந்த தடவைகள் குறைந்தன, தூக்கமும் தேறியது. 2015-ல் வந்த இன்னொன்று குறும்பானது. இறுக்கத் தலைவலி உள்ள 56 பேரில் சிலருக்கு மசாஜ், சிலருக்குப் போலிச் சிகிச்சையாக வேலை செய்யாத அல்ட்ராசவுண்ட் கருவி, சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் பெறாதவர்களைவிட முதல் இரண்டு கூட்டத்துக்கும் தலைவலி குறைந்தது, எண்ணிக்கையில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பத்து அமர்வுக்கு இரண்டு இலவசம் என்கிற பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். வாரம் ஒன்றாக நான்கு அமர்வு, கூடவே காலண்டரில் வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி. முந்தைய மாதத்தைவிடப் புள்ளி குறையவில்லையா, நிறுத்திவிடலாம்.

இடி விழுந்தாற்போல் திடீரென வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி என்றால் நேராக மருத்துவமனைதான். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வந்த தலைவலியும் கன்னப்பொட்டில் தொட்டால் வலியும் மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்தால், அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையே போகக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கழுத்தைக் கொடுக்க வேண்டாம்.

சலூன் கடைசி. உள்ளங்கைகளைக் கூப்பித் தலையில் தட்டுவது சுகம்தான், தலைவலிக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆபத்து முடிவில் வரும் கழுத்துச் சொடக்கில் இருக்கிறது. வெடுக்கென்று திருப்பும்போது முதுகெலும்பையொட்டி மூளைக்கு ஏறும் தமனியின் உட்சுவர் கிழியலாம், பக்கவாதம் வரை போகும். அரிதுதான், ஆனால் இளவயதினருக்கும் நேரும். சொடக்கு வேண்டாம் என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அவர் கை உங்கள் தாடையில் இருக்கும்.